மவுண்ட் வெர்னான் சாலை உணவகம்

நுழையும்முன்

ஓர் உணவகத்துக்கும் ஒரு நீச்சல்குளத்துக்கும் உலகெங்கும் கிளை பரப்பிய ஒரு வணிக நிறுவனத்துக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 1937ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மெக்சிக்க உணவகம் ஒன்றின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது. அயல்நாட்டுப் பெயர்களை முதல் முறை மெதுவாக, வாய்விட்டுப் படியுங்கள். இரண்டாம் முறை படிக்கும்போது அவை நாவுக்குப் பழகிவிடும்.

மாணவர்களே,

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் உணவுப் பெயர்களைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. தமிழகத்திலிருந்து நெடுந்தொலைவில், வடக்கே அமைந்த பள்ளி இது. தமிழை விருப்ப மொழியாகப் பயில்வோர் அவ்வகுப்பில் பதினொருவரே. அவர்களுள் ஒரு மாணவி, விடுமுறையில் பெங்களூரு சென்றபோது டாக்கோ என்னும் பண்டத்தை உண்டதாகக் கூறினாள். "அப்பளத்தை நடுவில் மடித்து, அதற்குள் கறியும் இலையும் தக்காளியும் வைத்ததுபோல் இருந்தது, ஐயா. கடித்தவுடன் பாதி கீழே விழுந்துவிட்டது" என்றாள். வகுப்பு சிரித்தது. "அது அமெரிக்க உணவு" என்றான் ஒருவன். "இல்லை, மெக்சிக்கோ நாட்டு உணவு" என்றான் மற்றொருவன். வழக்கு என்னிடம் வந்தது. அந்நேரத்தில் மணி அடித்தமையால் நான் தப்பித்தேன். ஆயினும் கேள்வி என்னை விடவில்லை. விடை தேடிப் படித்தபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் அமைந்தது சான் பெர்னார்டினோ நகரம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு இரண்டு தொழில்கள் செழித்திருந்தன. ஒன்று ஆரஞ்சுத் தோட்டத் தொழில். மற்றொன்று சாண்டா ஃபே இரயில் நிறுவனத்தின் பணிமனை. இரண்டிலும் உழைத்தவர்களுள் மிகப் பலர் மெக்சிக்கோவிலிருந்து குடிபெயர்ந்தவர்களும் அவர்களுடைய மக்களும் ஆவர். தண்டவாளத்துக்கு மேற்கே இருந்த பகுதியே அவர்களுடைய குடியிருப்பாயிற்று. அம்மேற்குப் பகுதியின் கடைத்தெரு மவுண்ட் வெர்னான் சாலை. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வரும் புகழ்பெற்ற 66ஆம் எண் நெடுஞ்சாலையும் அத்தெருவின் வழியாகவே சென்றது.

1937ஆம் ஆண்டு, அத்தெருவில் லூசியா ரோட்ரிகஸ் என்னும் பெண்மணி 'மிட்லா' என்ற உணவகத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருவீழ்ச்சி அமெரிக்க மக்களை வாட்டிக்கொண்டிருந்தது. வேலை கிடைக்காமைக்கு மெக்சிக்கர்களே காரணம் என்னும் பழி எழுந்தது. அந்தப் பத்தாண்டுகளில் பல இலட்சம் பேர் எல்லைக்கு அப்பால் செல்ல நேர்ந்தது. அவர்களுள் அமெரிக்காவிலேயே பிறந்த குழந்தைகளும் இருந்தனர். அத்தகைய சூழலில், மெக்சிக்கோவின் தொன்மையான ஊர் ஒன்றின் பெயரைப் பலகையில் எழுதிக் கடை திறப்பது எளிய செயல் அன்று. மிட்லா என்பது தெற்கு மெக்சிக்கோவின் ஒஹாக்கா மாநிலத்தில் உள்ளது. பாய் முடைந்தாற்போன்ற கல்வேலைப்பாடு கொண்ட சுவர்களுக்குப் பெயர்பெற்றது.

இனி நாம் உணவு மேசைக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் நெடுங்காலமாக நடைபெறும் மெக்சிக்க உணவகங்களில், அமர்ந்தவுடன் கேளாமலே ஒரு சிறு கூடை வந்துவிடுவது பெரும்பாலும் வழக்கம். அதில் பொரித்த டோர்ட்டியாத் துண்டுகள் இருக்கும். அருகில் ஒரு கிண்ணம் சல்சா இருக்கும். சல்சா என்பது நம் சட்னிக்கு உறவு என்றே கொள்ளலாம். தக்காளி, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லித் தழை ஆகியவையே அதன் உறுப்புகள். வார இறுதியில் மெனுடோ என்னும் குடல் சாறு கிடைக்கும். பெரிய மிளகாயின் வயிற்றைக் கீறிப் பாலாடைக்கட்டியை அடைத்து, முட்டை மாவில் தோய்த்துப் பொரித்த பண்டம் ஒன்று உண்டு. நம் மிளகாய் பஜ்ஜியை உண்டவர்க்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை டோர்ட்டியா. தோற்றத்தில் அது மெல்லிய சப்பாத்தி. ஆனால் மக்காச்சோளத்தால் ஆனது. அதன் செய்முறை வியப்புக்குரியது. மக்காச்சோள மணிகளைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிடுவர். காலையில் மணிகளின் மேல்தோல் கழன்றுவிடும். கழுவிய மணிகளைக் கல்லில் இட்டு அரைப்பர். மெத்தாத்தே எனப்படும் அக்கல், நம் பாட்டியர் பயன்படுத்திய அம்மியை ஒத்தது, குழவியும் உண்டு. சுண்ணாம்பு நீரில் வேகாத மக்காச்சோளத்தை அரைத்தால் மாவு ஒட்டாது, தட்ட வராது. இது மட்டுமன்று. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து, சுண்ணாம்பு சேர்ந்தால்தான் உடலுக்குப் பயன்படும் வகையில் விடுபடும். மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் வேதியியல் நூல் படிக்காமலே இதைக் கண்டறிந்திருந்தனர்.

கொலம்பசுக்குப் பின் ஐரோப்பியர் மக்காச்சோளத்தைத் தம் நாடுகளுக்குக் கொண்டுசென்றனர்; சுண்ணாம்பைக் கொண்டுசெல்லவில்லை. தானியத்தை வாங்கியவர்கள் அதைச் சமைக்கும் முறையைக் கேட்டறியவில்லை. விளைவாக, மக்காச்சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் ஏழை உழவர்களைப் பெல்லாக்ரா என்னும் நோய் பற்றியது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, மனமும் பேதலிக்கும் நோய் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் அந்நோய்க்குப் பல்லாயிரவர் இரையாயினர். இச்செய்தியைப் படித்த நாளில், பாடநூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

மேசையில் இன்னும் ஒரு குவளை இருக்கிறது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். 'ஆகுவா தெ தமரிந்தோ', அதாவது புளித்தண்ணீர். புளியைக் கரைத்து, சருக்கரை சேர்த்துக் குளிரச் செய்வர். புளிய மரம் மெக்சிக்கோவின் மண்ணில் தோன்றியது அன்று. ஸ்பானியர் ஆண்ட காலத்தில் கடல் கடந்து சென்றது. 'தமரிந்தோ' என்னும் சொல்லே 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுத் தொடரிலிருந்து பிறந்தது. நம் சமையலறையில் காய்ந்த மிளகாயும் தக்காளியும் இருக்கின்றன அல்லவா? அவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போர்ச்சுகீசியர் முதலியோர் வழியாக இங்கு வந்தவை. கொய்யாவும் பப்பாளியும் அவ்வாறே. நமக்கு மிளகாய் வந்தது. அவர்களுக்குப் புளி சென்றது. இரசம் வைக்கும் எந்த வீட்டிலும் இவ்விரு பயணங்களும் ஒரே பாத்திரத்தில் சந்திக்கின்றன.

மிட்லாவின் அடுக்களைக்கு மீள்வோம். அங்கு டாக்கோவைச் செய்த முறை இது: டோர்ட்டியாவைக் கொதிக்கும் எண்ணெயில் மடித்துப் பொரித்து, அதனுள் மாட்டிறைச்சிக் கொத்துக்கறி, துருவிய செடார் பாலாடைக்கட்டி, நறுக்கிய லெட்டூஸ் இலை, தக்காளி ஆகியவற்றை வைத்தனர். மெக்சிக்கோவில் பெரும்பாலான டாக்கோக்கள் மென்மையானவை, பொரித்தவையும் உண்டு. ஆனால் செடார் பாலாடைக்கட்டி மெக்சிக்கோவினுடையது அன்று. கலிஃபோர்னியக் கடையில் மலிவாகக் கிடைத்ததை எடுத்து, தாய்நாட்டு முறையில் ஆக்கினர். குடிபெயர்ந்தோர் அடுக்களை எங்கும் இப்படித்தான். இவ்வூரில் தேங்காய் கிடைக்காத மாதங்களில் என் வீட்டில் நிலக்கடலைச் சட்னி மட்டுமே. இப்போது ஊருக்குச் சென்றாலும் பிள்ளைகள் அதையே கேட்கிறார்கள்.

அக்காலத்தில் மிட்லா உணவு கிடைக்கும் இடம் மட்டுமாக இருக்கவில்லை. சான் பெர்னார்டினோவின் கோடை கடுமையானது. வெப்பம் 38 பாகை செல்சியசைக் கடக்கும் நாள்கள் பல. நகராட்சிப் பூங்காவில் ஒரு நீச்சல்குளம் இருந்தது. அது மக்கள் வரிப்பணத்தில் கட்டப்பட்டது. மேற்குப் பகுதி மக்களும் வரி செலுத்தினர். ஆனால் மெக்சிக்க வழியினர் என்பதனாலேயே அவர்களுடைய பிள்ளைகள் குளத்துக்குள் விடப்படவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்த ஆண்டுகள் அவை. அண்ணன்மார் அமெரிக்கப் படையில் சேர்ந்து போர்முனையில் நிற்க, தம்பியர் குளத்தின் வாயிலில் தடுக்கப்பட்டனர்.

1943இல் மெக்சிக்க அமெரிக்கர் தற்காப்புக் குழு என்னும் அமைப்பினர் இதனை எதிர்க்கத் துணிந்தனர். அவர்கள் கூடிப் பேசிய இடங்களுள் மிட்லா உணவகமும் ஒன்று. வெளியூர்களில் மண்டபங்களில் நடக்கும் கூட்டம், இங்கு உணவு மேசையைச் சுற்றி நடந்தது. பாதிரியார் ஒருவர், ஸ்பானிய மொழி இதழின் ஆசிரியர், கல்லூரி மாணவர் ஆகியோர் தம் சமூகத்தார் சார்பாகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். இதழாசிரியரின் பெயரையும் நகரத் தந்தையின் பெயரையும் சேர்த்து 'லோபஸ் எதிர் செக்கோம்ப்' என்று அவ்வழக்கு அழைக்கப்படுகிறது. 1944 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பொதுக் குளத்தையும் பூங்காவையும் பயன்படுத்த அவர்களுக்குச் சம உரிமை உண்டு என்றும், பிறப்பைக் காட்டித் தடுத்தல் சட்டத்துக்கு முரணானது என்றும் நீதிபதி லியான் யாங்க்விச் தீர்ப்பளித்தார். அவர்களுக்காக வாதாடிய வழக்குரைஞர் டேவிட் மார்க்கஸ், அடுத்து வேறொரு பெரிய வழக்கையும் நடத்தினார். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் மெக்சிக்கக் குழந்தைகளுக்கெனத் தனிப் பள்ளிகள் வைத்திருந்ததை எதிர்த்த 'மெண்டஸ்' வழக்கு அது. அதிலும் 1946இலும், மேல்முறையீட்டில் 1947இலும் வெற்றி கிடைத்தது. கறுப்பின மாணவரையும் வெள்ளை மாணவரையும் பள்ளிகளில் பிரித்தல் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆண்டு 1954. மேற்குப் பகுதியின் குளத்து வழக்கு அதற்குப் பத்து ஆண்டுகள் முந்தியது.

இப்போது தெருவின் மறுபுறம் பாருங்கள். ஏறத்தாழ 1950ஆம் ஆண்டில் மிட்லாவுக்கு எதிரே ஒரு சிறு கடை தோன்றியது. உரிமையாளர் கிளென் பெல் என்னும் இளைஞர். ஹாம்பர்கர் விற்றார். (அதே நகரில்தான் மெக்டொனால்டு உடன்பிறப்பினர் 1940இல் தம் உணவகத்தைத் தொடங்கியிருந்தனர், 1948இல் விரைவாக உணவு வழங்கும் முறையை அங்கே வகுத்தனர்.) எதிரே மெக்சிக்க உணவகத்தில் மக்கள் வரிசையில் நிற்பதைப் பெல் கண்டார். கடை அடைத்தபின் சாலையைக் கடந்து சென்று அங்கு டாக்கோ உண்பதை வழக்கமாக்கிக்கொண்டார். அது எப்படிச் செய்யப்படுகிறது என்று அவர் விடாமல் கேட்டதாகவும், இறுதியில் அடுக்களைக்குள் அழைத்துக் காட்டியதாகவும் மிட்லா குடும்பத்தினர் கூறுகின்றனர்.

பெல்லிடம் வணிக அறிவு இருந்தது. டோர்ட்டியாவை ஒவ்வொன்றாக மடித்துப் பொரித்தால் நேரம் ஆகும். பலவற்றை ஒரே சமயத்தில் முன்கூட்டியே பொரித்து வைக்கக் கம்பிக்கூடை ஒன்றைச் செய்வித்தார். இதற்கு முன்னரே, நியூயார்க்கில் உணவகம் நடத்திய மெக்சிக்கர் ஹுவென்சியோ மால்டொனாடோ இத்தகைய கருவி ஒன்றுக்கு 1950இல் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பெல்லின் டாக்கோவின் விலை 19 சென்ட். சில ஆண்டுகளில் வேறு சில கடைகளைத் தொடங்கி, விற்று, கடைசியில் 1962ஆம் ஆண்டு டவுனி என்னும் ஊரில் தம் பெயரால் 'டாக்கோ பெல்' கடையைத் திறந்தார். 1978இல் பெப்சிகோ நிறுவனம் அதை வாங்கியபோது 868 கடைகள் இருந்தன. 2010ஆம் ஆண்டு பெங்களூருவில் அதன் முதல் இந்தியக் கிளை திறக்கப்பட்டது. நம் மாணவி உண்ட டாக்கோ வந்த பாதை இதுதான்.

பெல் செய்தது திருட்டு என்று கூற எனக்கு மனம் வரவில்லை. சமையல் முறை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்வதுதான்; யாரும் பூட்டி வைக்க முடியாது. கற்றுக்கொடுத்த குடும்பமும் கதவைச் சாத்தவில்லை. உழைப்பும் துணிவும் பெல்லினுடையவை. ஆனால் நெடுங்காலம், அந்நிறுவனத்தின் வெற்றிக் கதை பேசப்பட்ட இடங்களில் மிட்லாவின் பெயர் அரிதாகவே கேட்டது. குஸ்தாவோ அரெயானோ என்னும் இதழாளர் 2012இல் வெளியிட்ட 'டாக்கோ யு.எஸ்.ஏ.' என்னும் நூலில் விரிவாக எழுதிய பின்னரே பலரும் அதை அறிந்தனர். ஐம்பது அறுபது ஆண்டுகள் என்பது சிறிய காலமா? என் மனக்குறை அந்த ஒன்றே. தெருவைக் கடந்து வந்து உண்டவர், தெருவைக் கடந்த கதையையும் உடன் எடுத்துச் சென்றிருக்கலாம்.

பெரிய நிறுவனம் வளர்ந்தபோது சிறிய உணவகத்துக்குச் சோதனைகள் வந்தன. புதிய விரைவுச்சாலைகள் அமைந்தபின் 66ஆம் எண் நெடுஞ்சாலையின் போக்குவரத்து வற்றியது. தொலைதூரம் செல்வோர் மேற்குப் பகுதிக்குள் நுழையாமலே கடந்துவிட்டனர். சாண்டா ஃபே பணிமனை மூடப்பட்டது. அருகிலிருந்த விமானப்படைத் தளம் 1994இல் மூடப்பட்டது. 2012இல் நகராட்சியே திவால் நிலையை அறிவித்தது. தெருவில் பல கடைகளின் கதவுகள் இறங்கின. மிட்லா இறக்கவில்லை. லூசியாவின் குடும்பத்தில் அடுத்தடுத்த தலைமுறையினர் அடுக்களையை ஏற்றனர். ஒரு காலத்தில் அவ்வுணவகத்தின் பெயர் தாங்கிய அடிபந்தாட்டக் குழு ஒன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே மேசைகளில் அமர்கின்றனர்.

இவ்வளவும் படித்தபின் வகுப்பில் மீண்டும் அப்பேச்சை எடுத்தேன். "டாக்கோ யாருடைய உணவு?" என்று கேட்டேன். முதலில் வாதிட்ட இருவரும் பேசவில்லை. டாக்கோவைக் கீழே சிந்திய மாணவி கையை உயர்த்தினாள். "ஐயா, அந்த அம்மா இப்போதும் இருக்கிறார்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "கடை?" என்றாள். இருக்கிறது என்றேன். அவள் தன் குறிப்பேட்டில் கடையின் பெயரை எழுதிக்கொண்டாள். எழுத்துக்கூட்டல் சரியா என்று என்னிடம் காட்டினாள். 'ட்' என்னும் எழுத்தின் புள்ளியை மட்டும் விட்டிருந்தாள்.

சொற்பொருள்

அடுக்களை – சமையலறை
பணிமனை – இயந்திரங்களைச் செப்பனிடும் இடம்
பேதலித்தல் – நிலைதடுமாறுதல்
கொத்துக்கறி – பொடியாகக் கொத்திய இறைச்சி
நகரத் தந்தை – மாநகர மன்றத் தலைவர்
காப்புரிமை – கண்டுபிடிப்பு ஒன்றின்மேல் அரசு வழங்கும் தனியுரிமை
அடிபந்தாட்டம் – பேஸ்பால்

இலக்கணக் குறிப்பு

காய்ந்த மிளகாய், கழுவிய மணிகள் – பெயரெச்சம்
வேகாத மக்காச்சோளம் – எதிர்மறைப் பெயரெச்சம்
மடித்துப் பொரித்து – வினையெச்சங்கள்
பெரிய நிறுவனம் – குறிப்புப் பெயரெச்சம்

பயிற்சி

1. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைப்பதன் பயன்களை உம் சொந்த நடையில் எழுதுக.
2. 1937ஆம் ஆண்டில் மிட்லா உணவகத்தைத் தொடங்கியது 'எளிய செயல் அன்று' என ஆசிரியர் கூறக் காரணம் யாது?
3. குளத்து வழக்கில் மேற்குப் பகுதி மக்கள் வேண்டியது எதை? அவர்கள் தொடுத்த வழக்கின் முடிவு யாது?
4. 'பெல் செய்தது திருட்டு என்று கூற எனக்கு மனம் வரவில்லை.' ஆசிரியரின் இக்கருத்தை ஏற்கிறீரா, மறுக்கிறீரா? பாடத்திலிருந்து இரண்டு செய்திகளைக் காட்டி எழுதுக.
5. நீங்கள் வாழும் ஊரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெறும் சிறிய உணவகம் ஒன்றுக்குப் பெரியவர் ஒருவருடன் செல்க. அதைத் தொடங்கியவர் யார், எவ்வூரிலிருந்து வந்தார், முதல் நாள் என்ன சமைத்தார் என்று கேட்டு, பதினைந்து வரிகளில் எழுதுக. அவருடைய பெயரை அவர் சொல்லும் முறையிலேயே எழுத்துப்பிழையின்றி எழுதுக.